மருட்சி தீர்த்தலும் பணியவைத்தலும்

ஓர் உயிரைத் தன் சொல்லுக்கு அடங்கி நிற்குமாறு செய்தலும், அவ்வுயிரின் நெஞ்சத்தே கிடந்து அதனை வருத்தும் அச்சத்தைத் தீர்த்தலும் ஒரு செயலோ, இருவேறு செயல்களோ என்பது ஆராயற்பாலது. உலகிற் பெரும்பாலார் இவ்விரண்டனையும் ஒன்றெனவே கொண்டு ஒழுகுகின்றனர். அழுத பிள்ளை அழுகையை நிறுத்திற்றாயின் அதன் துயர் தீர்ந்ததென்று பெற்றோரும், எதிர்த்து நின்ற மாணாக்கன் வாய்மூடினானாயின் அவனுக்கு அறிவு வந்ததென்று ஆசிரியரும் அமைதி கொள்கின்றனர். புறத்தே தோன்றும் அடக்கம் அகத்தே நிகழும் தெளிவுக்குச் சான்றாகுமோ? ஆகும் என்பார் பலர். ஆகாது என்பது எமது துணிபு; அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூறுவாம்.

இவ்வாராய்ச்சியை மனிதரிடத்தே தொடங்கின் நாணமும் நயவுரையும் இடைப்புகுந்து உண்மையை மறைக்கும். அஞ்சியவன் தான் அஞ்சவில்லை என்று கூறவல்லன். அடித்தவன் அன்பினாலேயே அடித்தேன் என்று கூறவல்லன். வாயில்லா உயிரொன்றை எடுத்துக்கொள்ளின் இவ்விடர் பாதி குறையும். பாதியே குறையும், அடித்தவன் பேச்சு அப்போதும் எஞ்சி நிற்குமன்றோ? ஆதலின் மருண்ட குதிரையையும், அதன் மருட்சியை மென்மையால் தீர்க்க முயன்ற வாதுவர் சிலரையும் எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராயப் புகுகின்றாம். சைவ நன்மக்களுக்கு இது புறம்பான பொருளாகத் தோன்றவேண்டுவதில்லை. உயிரைப் பசு என்று நம் நூல்கள் வழங்குதல் அது கட்டுண்டு கிடத்தல் பற்றியேயாம். கயிற்றாற் கட்டுண்ட விலங்கின் நிலையை உற்றுநோக்குதல் அச்சொல்லின் பொருளை உற்றுநோக்குதலுமாம்.

முதற்கண் குதிரையின் இயல்பை அறிதல் வேண்டும். அது புல்லுண்டு வாழ்வது. ஊனுண்ணும் விலங்குகளுக்கு இரையாவது. அதற்குக் கொம்பில்லை, கோரைப்பல்லாற் பொரும் வழக்கமும் இல்லை. ஓட்டமே அதன் காவல். கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலின், தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 350 பாகை அளவு சுற்றுப்புறத்தைக் காணவல்லது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிற்றிடங்களே அதற்குப் புலனாகாதன. செவிகள் இரண்டும் வெவ்வேறு திசைகளிற் றிரும்பவல்லன. வேலியோரத்தே ஒரு தாள் காற்றில் அசைந்தால், முதலில் ஓடு, ஓடி நின்று பின்னர்ப் பார் என்பதே அதன் உடம்பு அதற்குக் கற்பித்திருக்கும் பாடம். நின்று பார்த்துப் பின்னர் ஓடலாம் என்றிருந்த குதிரைகள் பண்டே விலங்குகளுக்கு இரையாயொழிந்தன. முன்னர் ஓடியவற்றின் மரபே இன்று நம்மிடையுள்ளது. ஆகவே, மருளுதல் குதிரையின் குற்றமன்று. அதன் உயிரைக் காத்துவந்த துணை. அதனைக் குற்றமெனக் கொண்டு ஒறுக்கப் புகுவோன், கண்ணுக்கு இமை மூடுதல் குற்றமென்று கண்ணை அடிப்பானையொப்பன்.

இவ்வுண்மையைக் கண்டுரைத்தவர் இக்காலத்தார் மட்டும் அல்லர். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த செனபோன் என்னும் கிரேக்கர், போர்வீரர், சாக்கிரட்டீசரிடத்துப் பழகியவர். அவர் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் இன்றும் கிடைக்கின்றது. சினங்கொண்ட நிலையிற் குதிரையின் அருகே செல்லலாகாது என்பதனை அவர் தலையாய விதியாக வைத்தார். குதிரை ஒரு பொருளைக் கண்டு அஞ்சி நெருங்க மறுக்குமாயின், அப்பொருளை வாதுவன் தான் முன்னர்த் தொட்டுக்காட்டிப் பின்னர் மெல்ல அதனை அழைத்துச்செல்க என்பது அவர் கொள்கை. அடித்து ஓட்டுவார் அச்சத்தை மிகுவிக்கின்றனர்; என்னை? அப்பொழுது உண்டாகும் நோவினை, தான் அஞ்சிய பொருளே தந்ததென்று குதிரை எண்ணிக்கொள்ளும் ஆகலின் என்று காரணமும் காட்டினார். எத்துணை நுட்பமான காரணம்! பிறர் குதிரையின் செயலைக் கண்டனர். இவர் அச்செயலின் உள்ளே குதிரை செய்துகொள்ளும் அனுமானத்தைக் கண்டனர். அடியால் ஓர் அச்சம் இரண்டாகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

செனபோனுக்குப் பின் வாழ்ந்த அலெக்சாந்தர் இளமையிற் பூசிபாலஸ் என்னும் குதிரையைப் பணிவித்த வரலாற்றைப் புளூட்டார்க் எழுதிவைத்துள்ளார். எவரையும் அணுகவிடாத அக்குதிரையைத் திருப்பியனுப்ப அரசன் பிலிப் கட்டளையிட்டபோது, அது தன் முன்னே விழுந்து அசையும் தன் நிழலையே கண்டு மருளுகின்றதென்பதை அச்சிறுவன் ஒருவனே கண்டான். கடிவாளத்தைப் பற்றிக் கதிரவனை நோக்கி அதனைத் திருப்பினான். நிழல் பின்னே போயிற்று. சிறிது தூரம் உடன் ஓடித் தடவிக்கொடுத்துப் பின்னரே ஏறினான். இவ்வரலாற்றைக் கூறுவோர் அச்சிறுவனது வீரத்தையே வியக்கின்றனர். எமக்கு வியப்பாவது அவன் பார்த்தமையே. அங்குக் கூடியிருந்த பெரியோர் அனைவரும் குதிரையைப் பார்த்தனர். அவன் குதிரை எதனைப் பார்க்கின்றதென்று பார்த்தான். அவ்வுயிர் பின்னர் அவனோடு கிழக்கே நெடுந்தூரம் வந்து, கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் நிகழ்ந்த போரையொட்டி இறந்தது; அதன் பெயரால் அங்கு ஒரு நகரும் அமைக்கப்பட்டது. நிழலுக்கு அஞ்சிய குதிரை போரையொட்டி மாண்டதென்பது நினைக்குந்தோறும் இரக்கம் விளைப்பதொன்று. அச்சம் தீர்த்தவன் அதனை எதற்குப் பயன்படுத்தினான் என்னும் வினா இங்கேயே தலைகாட்டுகின்றது. அதனைப் பின்னர்ப் பார்ப்பாம்.

இத்தகைய அறிவு பண்டே உளதாயினும், உலக வழக்கு வேறாகவே நடந்தது. இளங்குதிரையைப் பயிற்றுதலை ஆங்கில மொழியில் உடைத்தல் என்னும் சொல்லாலேயே வழங்கிவந்தனர். அமெரிக்க நாட்டு மேற்குப் பகுதிகளில் அதனை உறுதியான கம்பத்திற் பிணித்து, சாக்குத் துணியை அதன் உடலெங்கும் வீசி வீசி, திமிறித் திமிறி ஓயும்வரை விடாது செய்தல் ஒரு முறை. ஓய்ந்தபின் சாக்கு மேலே பட்டாலும் அது அசையாது நிற்கும். இனி அஞ்சாது என்று கூறிச் சேணம் இடுவர்.

இவ்வழக்கினின்று வேறுபட்டுப் பெரும்புகழ் எய்தியவர் ஜான் சாலமன் ராரி என்பவர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தே 1827இற் பிறந்தார். 1858இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் முன்னிலையில் தம் கலையைக் காட்டினார். அவ்வாண்டே குரூசர் என்னும் பொலிகுதிரையைத் தம் கைக்கு இணங்கச் செய்தார். பந்தயக் குதிரையாகப் பிறந்த அது, அணுகியவரைக் கடித்தும் மிதித்தும் கொல்ல முயல்வது என்று அஞ்சி, வாய்க்கு இரும்புக்கூடு பூட்டி அடைத்துவைக்கப்பட்டிருந்தது. ராரி தனியே உட்புகுந்து, சில நாழிகையில் அதனைத் தடவிக்கொடுத்து நின்றமை கண்டு இலண்டன் மாநகரம் வியந்தது. பின்னர் மக்கள் பொருள் கொடுத்துத் திரண்டுவந்து அவர் காட்சிகளைக் கண்டனர். சம்மட்டியை அவர் வெறுத்தார். நோவு செய்யாத எப்பொருளையும், குதிரை தன் இயல்புப்படி மோந்தும் பார்த்தும் ஆராய இடங்கொடுத்தால், அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் நூலிற் கூறிய கொள்கைகளுள் ஒன்று. இது பொன்னேபோற் போற்றத்தக்கது.

ஆயினும் அவர் கையாண்ட முறையின் மற்றொரு பகுதியையும் மறைத்தல் நேர்மையன்று. முன்னங்கால் ஒன்றனை மடக்கித் தோல்வாரினாற் கட்டுவர். மற்றை முன்காலுக்கும் ஒரு வார் இட்டு இழுப்பர். குதிரை முழங்காலூன்றித் தத்தளித்து, வியர்த்து, வலியற்று ஒருபுறம் சாயும். சாய்ந்தபின் அதன் தலை முதல் குளம்பு வரை அன்பாகத் தடவுவர். குளம்புகளிடையே தலைவைத்தும் கிடப்பர். அடியில்லை, குருதியில்லை, கண்டோர் மென்மை மென்மை என்று புகழ்ந்தனர். யாமும் அக்காலத்துக் கொடுமைகளோடு ஒப்பிட்டு அவரை மதிக்கின்றோம். ஆனால் ஓட்டமே காவலாகவுடைய உயிரின் காலை மடக்கிக் கட்டுதல், அதன் ஒரே புகலிடத்தைப் பூட்டுதலன்றோ? வீழ்ந்து கிடந்த குதிரை, இம்மனிதன் தீங்கு செய்யான் என்று தெளிந்து அமைந்ததோ, இனி ஆவதொன்றில்லை என்று கைவிட்டு அமைந்ததோ?

இவ்விரண்டற்கும் வேறுபாடு உண்டென்பதை 1967இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி துன்பமான முறையிற் காட்டிற்று. அமெரிக்க உளநூலார் மார்ட்டின் செலிக்மனும் அவர் துணைவரும், நாய்களைக் கட்டி வைத்து, அவை எம்முயற்சியாலும் தவிர்க்கமுடியாத மின்தாக்கை ஊட்டினர். பின்னர் அவற்றைத் தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பலாம் என்னும் இடத்தில் விட்டபோதும், அவற்றுட் பல தாண்ட முயலாமல் படுத்து முனகிக்கொண்டே தாக்கினை ஏற்றன. அந்நாய்கள் மிக அடக்கமாயிருந்தன என்று ஒருவன் புகழ்ந்தால் அவனை யாதென்போம்? இவ்வாராய்ச்சியை யாம் பாராட்டவில்லை. அது நிகழாதிருந்திருப்பின் நன்று. நிகழ்ந்தமையின் அதிற் கண்டதனை மறுக்க இயலாது.

குதிரையிடத்தும் இருவகை அமைதியைப் பிரித்தறியலாம் என்று அதனோடு பழகியோர் கூறுவர். தெளிந்து நிற்கும் குதிரை கழுத்தைத் தாழ்த்தும், மூக்கினால் நெட்டுயிர்ப்பு விடும், செவிகள் இங்குமங்கும் மெல்லத் திரும்பும், கண்ணிமைக்கும், பின்கால் ஒன்றனைத் தளர்த்தி ஊன்றும். அஞ்சி உறைந்து நிற்கும் குதிரையும் அசையாதுதான் நிற்கும். ஆனால் வாய் இறுகியிருக்கும், கண் ஒரிடத்தே நிலைத்திருக்கும், மூச்சு அடங்கியிருக்கும். அசையாது நிற்கையிலேயே அதன் இதயம் விரைந்து அடித்தலும் உண்டு. இத்தகைய குதிரைமேல் ஏறியவன் எல்லாம் நன்றென்று எண்ணியிருக்கும்போதே, யாதொரு முன்னறிவிப்புமின்றி அது பாய்ந்தோடும். ஏன் பாய்ந்ததென்று தெரியவில்லை, நேற்றுவரை சாதுவாக இருந்ததே என்பர். அது நேற்றும் சாதுவாக இல்லை.

அற்றேல், இறைவன் உயிர்களைத் துன்புறுத்தியும் திருத்துகின்றான் என்று மறக்கருணையை நம் நூல்கள் உடன்படுகின்றனவே. காலைக் கட்டி வீழ்த்தித் தடவுதலும் அதன்பாற்படும் எனலாகாதோ எனின், ஆகாதென்க. மறக்கருணை செய்வான் தன்பொருட்டு யாதும் வேண்டாதவன். ஓர் உயிர் எவ்வளவு தாங்கும் என்பதனையும் அதன் பக்குவத்தையும் ஐயத்திரிபின்றி அறிந்தவன். இவ்விரண்டும் உடையான் கையிலேயே துன்பம் மருந்தாதல் கூடும். வாதுவனுக்கோ கூலியுண்டு, பொழுது போகின்றதென்னும் பதைப்புண்டு, சுற்றி நின்று பார்ப்போரின் கைதட்டலில் ஆசையுண்டு. குதிரையின் உள்ளத்தைப் பற்றியோ அவனுக்குள்ளது குறிகளைக்கொண்டு செய்யும் அனுமானமே. முற்றறிவினன் செய்வதனைச் சிற்றறிவினன் எடுத்துக்காட்டாகக் கொண்டு கயிற்றை எடுத்தல் மிகப்பெரிய துணிச்சல். வீட்டிலும் பள்ளியிலும் கோலெடுப்போர் பலரும் இச்சொல்லையே தமக்கு அரணாகக் கொள்கின்றனர் என்பதனாலேயே இதனை இவ்வளவு விரித்தோம்.

ராரி அரசியார்முன் நின்றதற்கு நூற்றுமுப்பத்தோராண்டுகள் கழித்து, 1989இல், வின்சர் அரண்மனையில் இரண்டாம் எலிசபெத் அரசியார் முன்னிலையில் மாண்டி ராபர்ட்ஸ் என்னும் கலிபோர்னியர் தம் முறையைக் காட்டினார். இவர் காலைக் கட்டவில்லை. கம்பத்திற் பிணிக்கவும் இல்லை. வட்டமான வேலிக்குள் குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாம் நடுவே நின்று, நேரே நோக்கியும் கயிற்றை எறிந்தும் அதனைச் சுற்றி ஓடச் செய்வர். ஓடுங்குதிரை உட்புறச் செவியைத் தம் பக்கம் திருப்பும், வட்டத்தைக் குறுக்கும், நாவால் நக்கி மெல்லும், தலையைத் தாழ்த்தும். இக்குறிகள் தோன்றியவுடன் ராபர்ட்ஸ் கண்ணைத் தாழ்த்தித் தோளைத் திருப்பி நிற்பர். துரத்தப்பட்ட குதிரை தானே வந்து துரத்தியவரின் தோளருகே நிற்கும். அவர் நடக்கப் பின்னே நடக்கும். ஒருமுறை கண்டோர் கண்கலங்குதலும் உண்டு. 1996இல் அவர் எழுதிய நூலால் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

குதிரை அவரைத் தலைவராகத் தேர்ந்துகொண்டது, அன்பினால் நாடிவந்தது என்று விளக்கங் கூறப்பட்டது. 2012இற் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் இவ்விளக்கத்தைச் சோதித்தனர். வட்டவேலிக்குள் மனிதனுக்கு மாறாக, தூரத்திலிருந்து இயக்கும் ஒரு விளையாட்டு மோட்டார் வண்டியை விட்டனர். குதிரை விலகினால் வண்டி துரத்தும். தன்னை நோக்கித் திரும்பினால் நிற்கும். குதிரைகள், மனிதனிடத்துச் செய்தாற்போலவே, அவ்வண்டியின் பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டன. வண்டியை எக்குதிரையும் தலைவனாகத் தேர்ந்ததென்று யாரும் கூறார். துரத்தல் ஒழியும் இடம் எதுவோ அவ்விடத்தை அவை கண்டுகொண்டன; அவ்வளவே. நாடிவருதல் ஒன்றே கொண்டு அன்பென்று துணிதலும் இதனாற் பிழையாகின்றது. அச்சுறுத்துவோனிடத்தே அச்சத்துக்கு ஒதுங்கும் இடமும் இருப்பதாயின், உயிர் அவனிடமே ஒதுங்கும். கொடிய தந்தையின் காலையே கட்டிக்கொண்டு அழும் குழந்தையைக் காணாதார் யார்? இதனைக் கூறுங்கால் ராபர்ட்ஸ் கொடியவர் என்று கூறினோமல்லேம். சம்மட்டியினின்றும் கயிற்றினின்றும் பல குதிரைகளை மீட்டவர் அவர். கண்ட காட்சி ஒன்று. அதற்கு இட்ட பெயர் மற்றொன்று என்பதே எமது குறை.

அங்ஙனமாயின் அச்சந்தீர்த்தல் என்பதொன்று உண்டோ என்று கேட்பார்க்கு, உண்டு என்பதே விடை. அது காட்சிக்கு அழகாயிராது. நேரமும் மிகுதியாகக் கொள்ளும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிற் பண்ணைத்தொழில் செய்துவந்த டாம் டாரன்ஸ் என்பவரும் (1910–2003), அவர் வழிவந்த ரே ஹண்ட் என்பவரும் (1929–2009) இவ்வழியைப் பயிற்றினர். ஹண்ட் ஊரூராகச் சென்று, குதிரைகளோடு வருவார்க்குச் சில நாள் தொடர்ந்து கற்பித்தார். தாம் வந்திருப்பது குதிரைக்காகவே, அதன் உடையவருக்காக அன்று என்று வெளிப்படையாகச் சொல்லுதல் அவர் வழக்கம். பொருள் கொடுப்பவர் உடையவர். தாம் பரிந்துபேசுவது குதிரைக்கு. இத்தகைய வழக்குரைஞர் உலகில் அரியர்.

இவர்கள் வழியில் மருண்ட குதிரைக்குக் கற்பிக்கும் விதத்தைச் சிறிது விரித்துக் கூறுவாம். கோலின் முனையிற் கட்டிய சிறு கொடியைக் கண்டு ஒரு குதிரை மருளுகின்றது என்க. கொடியை அதனிடம் கொண்டுசெல்லுதல் முதற்படியன்று. எவ்வளவு தொலைவில் அது கொடியைக் கண்டும் செவியை மட்டும் நிமிர்த்தி நிற்கின்றதோ, அத்தொலைவை அறிதலே முதற்படி. அவ்வெல்லைக்கு அப்பால் ஓரடி வைத்தாலும் கற்றல் நின்றுவிடும், அச்சமே மிஞ்சும். எல்லையிற் கொடியை மெல்ல அசைத்து, குதிரை ஒரு மூச்சளவு அமைந்து நின்றவுடன் கொடியைத் தாழ்த்திவிடல் வேண்டும். இங்கே நுட்பமொன்று உளது. குதிரை துள்ளும்போது கொடியை எடுத்துவிடின், துள்ளினால் கொடி போகும் என்று அது கற்கும். ஓயும்வரை எடாதே வீசிக்கொண்டிருந்தால், மேலே கூறிய சாக்கு முறையாகிவிடும். அமைந்த அந்தக் கணத்தே எடுத்தால், அமைதியே தன்னைக் காத்தது என்று கற்கும். ஆகவே ஆசிரியனுடைய கல்வியெல்லாம் கொடியை எடுத்துச்செல்லுதலில் இல்லை. எப்போது தாழ்த்துவது என்பதில் உளது.

இன்னும் இனிய முறை ஒன்றுண்டு. வாதுவன் கொடியைப் பிடித்துக்கொண்டு குதிரையை விட்டு விலகி முன்னே நடப்பன். தன்னை நோக்கி வந்தபோது பேயாகத் தோன்றிய பொருள், தன்னைவிட்டுப் போகும்போது குதிரைக்கு வேடிக்கையாகின்றது. பின்னே நடக்கும், அணுகும், நிற்கும், மீண்டும் அணுகி மோந்துபார்க்கும். துரத்தப்பட்ட உயிர் துரத்தும் உயிராக ஒருகணம் மாறுகின்றது. அதன் கழுத்தில் அப்போது தோன்றும் வளைவு, கட்டப்பட்ட குதிரையிடத்து ஒருபோதும் காணப்படாதது. போகவேண்டுமாயின் போகலாம் என்னும் வாயில் திறந்தேயிருக்க, அது போகாது வருகின்றது.

மனிதரின் பேரச்சங்களையும் இங்ஙனம் படிப்படியாகவே தீர்க்கலாம் என்று 1958இல் ஜோசப் வோல்ப் என்னும் மருத்துவர் நூல் எழுதினார். குதிரையிடத்து இதன் உண்மையை டென்மார்க்கு நாட்டில் அளந்தும் பார்த்தனர். 2006இல் வெளியான அவ்வாராய்ச்சியில் இரண்டாண்டு நிரம்பிய 27 ஆண்குதிரைகளுக்கு வெள்ளை நைலான் பையொன்றை அஞ்சாதிருக்கக் கற்பித்தனர். சிலவற்றுக்கு அப்பையை முழுவதும் மீட்டும் மீட்டும் காட்டினர்; சிலவற்றுக்குத் தீனியோடு சேர்த்துக் காட்டினர்; சிலவற்றுக்குச் சிறு சிறு படிகளாகக் காட்டினர். படிப்படியாகக் கற்றவையே குறைந்த முறைகளிற் கற்றன. மிகக் குறைவாக மருண்டோடின. அக்கூட்டத்தில் கல்லாது எஞ்சியது ஒன்றுமில்லை. பொறுமை காலத்தை வீணாக்கும் என்று கருதுவோர் இதனைக் கருதுவாராக. மலபரிபாகம் நோக்கி அருள் நிற்கும் என்று ஓதும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆயினும் ஓதியதனை இலாயத்திலும் அடுக்களையிலும் கைக்கொள்ளுதல் ஓதுதலினும் அரிது.

இனி, மேலே நிறுத்திவைத்த தடையை எடுத்துக்கொள்வாம். அச்சந்தீர்க்கும் வாதுவன் அதனை எதன்பொருட்டுத் தீர்க்கின்றான்? ஏறி ஊர்தற்பொருட்டன்றோ? அலெக்சாந்தர் நிழலச்சத்தைத் தீர்த்தது குதிரையைப் போருக்குக் கொண்டுசெல்லவன்றோ? வன்கயிறு கண்ணுக்குத் தெரியும், மென்கயிறு தெரியாது, ஆகவே மென்மையே பெரிய வஞ்சனை என்று ஒருவர் கூறலாம். இத்தடை வலியுடையது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதன் ஒரு பகுதியை யாம் உடன்படுகின்றோம். பயன் கருதிய மென்மை முழுமையான அன்பாகாது. ஆயினும், காட்டிற்குத் திருப்பியனுப்ப இயலாதவாறு மனிதரிடையே பிறந்து வளர்ந்த குதிரைக்கு, யாரும் ஏறாதொழியினும் அச்சம் தீர்தல் நலமேயாம். சில வாரங்களுக்கு ஒருமுறை அதன் குளம்பைச் செதுக்கல் வேண்டும். புண்ணுக்கு மருந்திடல் வேண்டும். நோயுற்றால் மருத்துவர் தொடல் வேண்டும். தொடும் ஒவ்வொரு கையும் கொல்லவரும் கையாகவே அதற்குத் தோன்றுமாயின் அவ்வாழ்வு நரகமன்றோ? ஆகவே உரைகல் இதுவாகலாம்: ஏறுவாரற்ற கிழக்குதிரைக்கும் இதே பொறுமை காட்டப்படுகின்றதா? காட்டப்படும் இலாயத்தில் பயன்கருதாத பகுதி ஒன்று உண்டு. காட்டப்படாத இடத்துத் தடை கூறுவார் வென்றார்.

பலர் கூடிய காட்சிகளில் இப்பகுதி பெரிதும் நெருக்குண்கின்றது. கொட்டகையில் ஆயிரவர் அமர்ந்திருக்க, ஒரு நாழிகையில் ஒரு குதிரையைத் திருத்திக்காட்டுவேன் என்று ஒருவன் நின்றால், அவன் எல்லையைக் குதிரை வகுப்பதில்லை, கடிகாரம் வகுக்கின்றது. இன்றைக்கு இவ்வளவு போதும், இது நாளை வரட்டும் என்று சொல்லிக் கையை எடுக்கவல்லவனே நல்லாசிரியன். அவ்வாறு சொன்னால் சீட்டு வாங்கியவர் முணுமுணுப்பர். டாரன்ஸ் வழியினர் ஒரு காட்சியோடு நில்லாமல் சில நாள் பயிற்சியாக அமைத்துக்கொண்டது இவ்விடர் நோக்கியே போலும். அன்றியும் அவர்கள் குதிரையைத் தாமே திருத்தித் தருவதினும், உடையவன் கையிலேயே கயிற்றைக் கொடுத்து அவன் கையைத் திருத்தவே முயல்வர். குதிரை வீடுசென்று வாழப்போவது அவன் கையிலன்றோ?

ஹண்டின் மாணாக்கருள் பெயர்பெற்றவர் பக் பிரானமன். 1962இற் பிறந்தவர். இளமையிற் றந்தையால் கொடிதாக அடியுண்டு, பின்னர் வேறொரு குடும்பத்தாரால் வளர்க்கப்பட்டவர். அஞ்சி வாழ்தல் இன்னதென்று நூலிற் படித்து அறிந்தவரல்லர். அவரைப்பற்றி 2011இல் வெளிவந்த திரைப்படத்தில் ஒரு நிகழ்ச்சி உளது. தாயற்ற குட்டியாக, பிறக்கும்போதே மூச்சுத் தடைப்பட்டு மூளை ஊறுபட்டு, வீட்டிற்குள் செல்லமாய் வளர்க்கப்பட்ட ஒரு பொன்னிறக் குதிரையை உடையவர் கொண்டுவருகின்றார். அதற்கு மனிதரிடம் அச்சமே இல்லை, எல்லையும் இல்லை. பயிற்றப்புகுந்த உதவியாளர் ஒருவரை அது பாய்ந்து தலையிற் கடித்துக் காயப்படுத்துகின்றது. அச்சமின்மை ஒன்றே நலமென்று கருதுவார் இவ்விடத்தே நின்று பார்த்தல் வேண்டும். கற்பிக்கப்படாமல் விடப்படுதலும் ஒரு கைவிடுதலே. மனிதர் அக்குதிரைக்குச் செய்யவேண்டியது செய்திலர் என்றே பிரானமன் கருதுகின்றார். குதிரையைக் குற்றங் கூறினாரல்லர். இனி அது யாரோடும் வாழ இயலாதென்று தெளிந்து, அதனை நோவின்றி முடிவுறுத்த உடையவர் துணிகின்றார். அதனைக் கொண்டுசெல்ல வண்டியிலேற்றவேண்டும். இறக்கப்போகும் விலங்கு, கயிறிட்டு இழுத்தேற்றினால் கேட்பார் யாருமில்லை. பிரானமன் வண்டியின் கதவைத் திறந்து வைத்து, அது வாயில்வரை வருந்தோறும் கொடியைத் தாழ்த்தி, விலகினால் மீண்டும் வர இடங்கொடுத்து, அது தன் காலாலேயே ஏறுமளவும் காத்து நிற்கின்றார்.